பொகவந்தலாவையில் ஓர் ஒளிச்சித்திரக்காரி

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையிலே நாள்தோறும் கொழுந்துக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகப் போய்வரும் நம்மவருள், அவ்வூர்ப் புனித மரியாள் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் உலகப் பிரசித்தி பெற்ற கலைஞர் ஒருவர் தம் கணவரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. துரைமாரின் கல்லறைகள் மலைநாடெங்கும் ஏராளமாக உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்றென்று எண்ணி ஒருவர் கடந்துபோனால் அதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால் டார்வின் என்றதும், டெனிஸன் என்றதும், கார்லைல் என்றதும் எந்த முகங்கள் நம் மனக்கண்ணின் முன் வந்து நிற்கின்றனவோ, அந்த முகங்களை உலகத்துக்கு அளித்தவர் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் இந்த அம்மையார்தாம். அவர் தூரிகை பிடித்துச் சித்திரம் எழுதியவர் அல்லர்; வெளிச்சத்தைக் கொண்டு கண்ணாடியிலே உருவம் எழுதியவர். அத்துடன் பேனா பிடித்தவருமாவார். அவர் தம் வாழ்நாளின் கடைசிச் சில ஆண்டுகளில் இத்தீவிலே எடுத்த படங்களில், தோட்டங்களிலே கூலி வேலை செய்ய வந்த தமிழர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவருடைய சரித்திரத்தை நாம் நினைவுகூர வேண்டியது அதன் பொருட்டே என்பது என் கருத்து.

அவர் 1815-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் தேதி கல்கத்தாவில், கும்பினி உத்தியோகஸ்தரான ஜேம்ஸ் பாட்டில் என்பவருடைய மகளாக ஜனித்தார். தாய்வழியிலே பிரெஞ்சு உதிரம். பாட்டனார் நம் புதுச்சேரியோடு தொடர்புடைய பிரெஞ்சுப் படை அதிகாரி. பால்யத்தின் பெரும்பகுதி பிரான்சு தேசத்தில் பாட்டியாரின் பராமரிப்பிலே கழிந்தது. கல்கத்தாவில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, மீண்டும் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர் இங்கிலாந்திலே குடியமர்ந்து, முடிவில் இலங்கையின் மலையொன்றில் உயிர்விட்ட ஒருவருக்கு எது சொந்த ஊர் என்று கேட்டால் விடை கூறுவது கடினம். அவர் போன ஊரிலெல்லாம் குடியேறியவரே. சகோதரிகள் யாவரும் கல்கத்தாவிலும் லண்டனிலும் பேரழகிகள் எனப் பெயர் பெற்றிருக்க, இவருக்கு மட்டும் அந்தப் பெயர் வாய்க்கவில்லை. அழகைத் தேடிப் பிடிக்கும் தீராத வேட்கை வாய்த்தது.

1836-ஆம் ஆண்டளவில் தேக சௌக்கியத்தை முன்னிட்டு நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது இருவரை அவர் சந்தித்தார். ஒருவர் வானசாஸ்திரியாகிய ஸர் ஜான் ஹெர்ஷல். புகைப்பட வித்தை தோன்றிய காலத்திலேயே அதன் இரசாயன நுட்பங்களை ஆராய்ந்து, அவற்றைப் பிற்காலத்திலே கடித மூலமாக இவருக்கு அறிவித்தவர். மற்றவர் சார்ல்ஸ் ஹே கமரன் என்னும் சட்ட நிபுணர். இவரிலும் 20 வயது மூத்தவர். 1838-இல் கல்கத்தாவில் இவ்விருவருக்கும் விவாகம் நடந்தது.

கமரன் என்ற பெயர் இலங்கைச் சரித்திரம் படித்தவர்களுக்குப் புதிதன்று. 1829-இல் வந்த கோல்புறூக்கோடு மறு ஆண்டு வந்து சேர்ந்துகொண்டு, இத்தீவின் ஆட்சிமுறையையும் நீதிமுறையையும் விசாரித்து அறிக்கை எழுதிய கோல்புறூக்-கமரன் விசாரணைக் குழுவினர் இருவருள் ஒருவர் அவரே. இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்ததும், கண்டி நாடு தன் தனி நிருவாகத்தை இழந்து தீவு முழுவதும் ஓராட்சிக்குள் அடங்கியதும் அக்குழுவின் யோசனைகளின் பயனாகவே. அதன்பின் 1840-இல் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம் வந்தது. உரிமைப் பத்திரமில்லாத காடும் சேனையும் அரசாங்கத்துக்கு உரியவையாயின. அரசாங்கம் அவற்றைத் துரைமாருக்கு விற்றது. விற்ற காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். கோப்பிக்கு ஆள் வேண்டித் தமிழ்நாட்டுக்குக் கங்காணிகளை அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் காணியைத் திம்புள்ள, ரஹத்துங்கொட முதலிய இடங்களில் வாங்கியவருள் கமரனும் ஒருவர். நீதி சாஸ்திரத்தில் தேர்ந்து, சம நீதி பேசிய ஒரு மனிதர் வகுத்துக் கொடுத்த வழியிலேயே, பின்னர் இந்நாட்டின் மிகப் பெரிய கூலித் தொழில் வளர்ந்தது என்பதும், அதில் அவரும் ஒரு முதலாளியாக இருந்து கடைசியில் நஷ்டப்பட்டார் என்பதும், சரித்திரத்தின் விசித்திரங்களில் சேர்க்கத் தக்கவை.

1848-இல் கமரன் உத்தியோகத்திலிருந்து விலகவே, குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிற்று. 1860-இல் வைட் தீவிலே ஃபிரெஷ்வாட்டர் என்னும் கடற்கரைக் கிராமத்தில், மகாகவி டெனிஸனுக்கு அயலில் வீடு வாங்கி, தங்கள் இலங்கைத் தோட்டத்தை நினைந்து அதற்கு டிம்போலா என்று பெயரிட்டார்கள். கமரன் துரைக்கு இலங்கையின் மீது இருந்த பற்று தணியவேயில்லை. வெண்தாடி நெஞ்சில் புரள, வீட்டுக்குள் அங்கியோடு உலாவிக்கொண்டு, என்றைக்கு அத்தீவுக்குத் திரும்புவோம் என்றே அவர் காத்திருந்தார். கோப்பிக் காணிகளிலிருந்து வரும் பணமோ ஆண்டுதோறும் எதிர்பார்த்ததிலும் குறைவாகவே வந்தது, அம்மையாரோ கையில் வந்ததை வைத்துக்கொள்ளத் தெரியாதவர், கடன் ஏறியது.

1863-ஆம் ஆண்டின் இறுதியில், கணவர் இலங்கைக்குச் சென்றிருந்த தனிமையை மாற்றும்பொருட்டு, அம்மையாருக்கு அவருடைய மகளும் மருமகனும் ஒரு புகைப்படப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. ஆறு மக்களைப் பெற்று வளர்த்தவர். அந்த வயதில் அக்காலத்துப் பெண்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருப்பார்கள். அவர் நிலக்கரி அறையை இருட்டறை ஆக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி மனையாக மாற்றினார். கோழிகளுக்கு விடுதலை அளித்தார். மறு மாதமே, 1864 ஜனவரியில், ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியின் படம் அவருக்குத் திருப்தியளிக்கும் வகையில் அமைந்தது. அதையே தம் முதல் வெற்றி என்று அவர் கொண்டாடினார்.

இன்றைக்குச் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறவர்களுக்கு அக்காலத்து வித்தையின் சிரமத்தைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். கனத்த கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்னும் பிசினை ஒரே சீராகப் பரவவிட்டு, வெள்ளி உப்புக் கரைசலில் அதைத் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் பெட்டியில் பொருத்தி, சில நிமிஷ நேரம் ஆளை அசையாமல் இருக்கச் செய்து படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடி மருந்து ஊற்றி உருவத்தை வெளிப்படுத்த வேண்டும். பிசின் உலர்ந்தால் தகடு வீண். தூசி விழுந்தால் வீண். உட்கார்ந்தவர் தும்மினாலும் வீண். வெள்ளி உப்பு விரல்களையும் ஆடைகளையும் கருநிறமாக்கிவிடும். அவரோ அதை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல், கறுத்த கையோடு விருந்தினரை வரவேற்றார். பணிப்பெண், தபால்காரர், வழியிலே போகும் யாத்திரிகர், மந்திரிகள், மகாகவிகள் என்று யாரையும் அவர் விடவில்லை. வேதியியல் பயின்ற ஆண்கள் கூடிய புகைப்படச் சங்கத்தார் அவருடைய படங்கள் தெளிவற்றவை, கைரேகை படிந்தவை என்று குறை கூறினார்கள். வாட்ஸ் போன்ற ஓவியர்கள் அவற்றைப் போற்றினார்கள். அந்தத் தெளிவின்மையை அவர் வேண்டுமென்றே விட்டுவைத்தார் என்பதில் ஐயமில்லை. முகத்தின் ஒரு பக்கத்தில் மாத்திரம் ஒளி விழுந்து, மறு பக்கம் இருளிலே கரைந்து, உள்ளிருக்கும் மனிதன் கண்ணின் வழியே வெளிவருவது போன்ற அந்தப் படங்களை ஒரு முறை பார்த்தவர்கள் சங்கத்தாரின் கட்சியில் சேரமாட்டார்கள். 1867-இல் ஹெர்ஷலையும் கார்லைலையும், 1868-இல் டார்வினையும் அவர் படம் பிடித்தார்.

இதற்கிடையில் இலங்கையில் 1869-ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. கோப்பித் துரு என்னும் பூஞ்சை நோயின் ஆரம்பம் அது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867-இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலையை நட்டிருந்தார். ஆனால் கோப்பி விலை உயர்ந்திருந்தமையால் அப்போது யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. நோய் மெல்லப் பரவியது. வருமானம் இல்லை, ஆண்மக்கள் பலர் இலங்கையில், மகளோ 1873-இல் இறந்துவிட்டாள், கணவர் 80 வயதை எட்டிவிட்டார் என்ற நிலையிலே, 1875-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர்கள் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார்கள். கிழக்குத் தேசத்தில் நல்ல சவப்பெட்டி கிடைக்காதென்று இருவருக்கும் இரண்டு பெட்டிகள் செய்வித்து, கண்ணாடிச் சாமான்களையும் பீங்கான்களையும் அவற்றிலே அடுக்கிக்கொண்டு போனார்கள் என்பது குடும்பத்திலே வழிவழியாக வந்த கதை. துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களுக்குக் கொடுக்கப் பணமில்லாமல், கார்லைலின் படத்தைக் கொடுத்தார்கள் என்றும் சொல்வர். அந்தப் படங்கள் இன்று ஏலத்துக்கு வருமானால் அச்சுமைகாரர்களின் கொள்ளுப் பேரர்கள் செல்வந்தராகியிருப்பார்கள்.

அதே காலத்தில் வேறொரு கூட்டமும் இத்தீவுக்கு வந்துகொண்டிருந்தது. அவர்கள் ஏறியது பாய்மரத் தோணி; கொண்டு வந்தது ஒரு மூட்டையும் ஒரு சட்டியும். மன்னார்க் கரையில் இறங்கி, மெதவச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையில், 100 மைலுக்கு மேற்பட்ட காட்டுப் பாதையை நடந்தே கடந்தார்கள். தண்ணீர் இல்லாத இடங்களில் தாகத்தாலும், தண்ணீர் இருந்த இடங்களில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியோரங்களில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்புவது அக்காலத்து வழக்கம். ஆனால் கமரன் தம்பதிகள் வந்த மறு ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அந்த வழக்கத்தை உடைக்கத் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து, தானியம் அருகி, லட்சக்கணக்கானோர் மாண்டபோது, திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் முதலிய பிரதேசங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கங்காணியின் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு கடல் கடந்தார்கள். வந்தவர்க்குத் திரும்பிப் போக ஊரில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. லயத்துக் காம்பராக்களிலே தங்கி, காலைப் பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு எழுந்து, கணக்கப்பிள்ளையின் ஏட்டில் ஒரு கோடாகப் பதிந்தார்கள். இன்றைக்கு ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் நாலாம் ஐந்தாம் தலைமுறையாக வாழ்கிறவர்களுள் பலரின் மூதாதையர் அந்தப் பஞ்ச காலத்து யாத்திரையில் வந்தவர்களே.

அம்மையார் முதலில் தங்கியது மலையில் அன்று, களுத்துறையில். அங்கே அவருடைய மகன் ஹார்டிஞ்ச் அரசாங்க உத்தியோகத்திலிருந்தார். 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலகமெங்கும் தனியே சுற்றித் தாவரங்களை எண்ணெய் வர்ணத்தில் தீட்டிய மரியான் நோர்த் அம்மையார் அவ்வீட்டுக்கு விருந்தினராக வந்தார். அவரும் சித்திரக்காரர், எழுத்தாளர். அவருடைய சித்திரங்களுக்கென்றே கியூ தோட்டத்தில் 1882-இல் தனி மண்டபம் திறக்கப்பட்டது. அவர் தம் நினைவுக் குறிப்புகளிலே களுத்துறை வீட்டை வருணிக்கிறார்: முயலும் அணிலும் மைனாவும் கூடத்தில் சுதந்தரமாகத் திரிகின்றன; வாசலில் வளர்ப்பு மான் ஒன்று காவல் காக்கிறது; மேசை நாற்காலி தரையெங்கும் படங்களும் ஈரம் கோத்த புத்தகங்களும் சிதறிக் கிடக்கின்றன. வந்த விருந்தினரையும் அம்மையார் சும்மா விடவில்லை. உச்சி வெயிலில் கம்பளித் துணி போர்த்தி, கூந்தலை விரித்து, தென்னங்கீற்று தலையில் குத்தும்படி நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி கட்டளையிட்டுப் படம் எடுத்தார். முயற்சி பலிக்கவில்லை என்கிறார் நோர்த். அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. உள்ளூர் மனிதன் ஒருவனுடைய முதுகின் அழகில் அம்மையார் சொக்கிப்போய், அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டுக்குத் தோட்டமே கிடையாது!

இதைப் படிக்கிறவர் சிரிப்பார், நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடிந்த பின் ஒரு கேள்வி எழுகிறது. அழகான முதுகையுடைய அம்மனிதனின் பெயர் என்ன? நோர்த் அம்மையாரும் எழுதவில்லை, கமரன் அம்மையாரும் எழுதவில்லை. ஃபிரெஷ்வாட்டரிலே படம் எடுத்தபோது, வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைத் தேவமாதாவாக வேடம் புனைவித்துப் படம் பிடித்தவர்தாம் இவர். அப்பணிப்பெண்ணின் பெயரும் சரித்திரத்தில் நின்றுவிட்டது. இலங்கைப் படங்களின் நிலை வேறு. களுத்துறைக் குடியானவர் மூவர் சேர்ந்திருக்கும் படமொன்றின் அடியில், அதிலுள்ள சிறுமிக்கு வயது 12 என்றும், கிழவர் தம்மை அவளுடைய தகப்பனாரென்றும் 100 வயதினரென்றும் சொல்லிக்கொள்வதாகவும் அம்மையாரின் குறிப்பு இருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார். பெயரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆயினும் வழக்கைச் சற்று நிதானித்து விசாரிக்க வேண்டும். அக்காலத்திலே கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் இருந்தார்கள்; தோட்டங்களையும் தொழிலாளரையும் எடுத்து, யாத்திரிகர்களுக்கும் துரைமாருக்கும் விற்றார்கள். அப்படங்களிலே மனிதர் ஒரு ஜாதியின் மாதிரியாகவோ, தோட்டத்தின் செழிப்புக்கு அத்தாட்சியாகவோ வரிசையாக நிற்கிறார்கள். கமரன் அம்மையாரின் படங்களோ வேறு வகையைச் சேர்ந்தவை. சேலைத் தலைப்பைத் தோளில் இட்டு, கழுத்து அணியும் காதணியுமாக, பெட்டியை நேராக நோக்கியோ பார்வையைத் தாழ்த்தியோ இருக்கும் அந்தப் பெண்கள் முன்னே, டார்வினின் முன்னே அவர் காட்டிய அதே சிரத்தையைத்தான் காட்டியிருக்கிறார். ஒளியை ஒரு பக்கத்திலிருந்து விழச்செய்யும் அதே முறை; முகத்தில் அதே கம்பீரம். விற்பனைக்காக எடுத்தவை அல்ல இவை. அவர் தேடியது அழகை, அதைக் கூலிக்கார ஜனங்களிடத்திலே கண்டார், கண்டதை மறைக்கவில்லை. அவர்களுடைய கூலி எவ்வளவு, எங்கிருந்து வந்தார்கள், ஊரில் யாரைப் பஞ்சத்திற்குப் பலி கொடுத்தார்கள் என்று கேட்கும் கண் அவருக்கு இல்லை. தோட்டத்து எஜமானியிடம் அந்தக் கண்ணை எதிர்பார்ப்பது அதிகந்தான். இருந்தபோதிலும், தாது வருஷ காலத்து மலைநாட்டு ஜனங்களின் முகத்தை ஒரு பெருங்கலைஞரின் கை தொட்டதென்றால், அது இந்த ஒரு கைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய வாழ்நாள் படங்கள் ஏறக்குறைய 1,200; இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை 30-க்கும் குறைவு. வெப்பத்தில் கொலோடியன் விரைவில் உலர்ந்துவிடும். சுத்தமான நீர் அரிது. மருந்துகளுக்கும் கடதாசிக்கும் இங்கிலாந்தை எதிர்பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மலை வீட்டில் தோலும் புத்தகமும் பூஞ்சணம் பிடிக்கும்போது படத்தாள் எம்மாத்திரம்? இவ்வளவுக்கும் மேலாகப் பணமில்லை.

எழுத்தையும் அவர் விட்டுவிடவில்லை. இளமையிலே ஜெர்மானியக் கவி பியூர்கரின் லெனோரா என்ற பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1847-இல் வெளியிட்டவர். புகைப்படக் கலையில் தாம் பட்ட பாட்டையும் பெற்ற இன்பத்தையும் கூறும், ‘என் கண்ணாடி மனையின் வரலாறு’ என்று பொருள்படும் சுயசரிதக் கட்டுரையை 1874-இல் எழுதத் தொடங்கி, முடிக்காமலே விட்டார். அவர் இறந்து 10 ஆண்டு கழித்துத்தான் அது அச்சாயிற்று. இலங்கைக்கு வந்தபின், 1876-இல், ஓர் உருவப்படத்தைப் பற்றிய அவருடைய கவிதை மாக்மில்லன் சஞ்சிகையிலே வெளிவந்தது. அந்தச் சுயசரிதத்தை மட்டும் அவர் களுத்துறையிலோ டிக்கோயாவிலோ உட்கார்ந்து தொடர்ந்து எழுதியிருப்பாரானால், தாது வருஷத்துத் தோட்ட வாழ்வின் ஒரு பக்கமாவது நமக்குக் கிடைத்திருக்கும். படத்தில் இல்லாத பெயர்களும் ஒருவேளை அதில் இருந்திருக்கும். பெரிய நஷ்டம் இதுவே.

1878-இல் ஒரு தடவை இங்கிலாந்துக்குப் போய்வந்த அம்மையார், 1879 ஜனவரி 26-ஆம் தேதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்து பங்களாவிலே, சில நாள் குளிரால் நோயுற்றுக் காலமானார். ஜன்னலின் வழியே நட்சத்திரங்களைப் பார்த்து, அழகு என்ற ஒரே சொல்லைச் சொல்லி உயிர் விட்டார் என்பார்கள். அப்படியே நடந்ததென்று நம்ப எனக்குச் சற்றுத் தயக்கம். இவரைப் போன்றவருக்கு ஜனங்கள் இத்தகைய முடிவையே விரும்பிக் கட்டுவார்கள். கமரன் துரை மறு ஆண்டு, 85 வயதிலே இறந்தார். அப்போது புகையிரதம் நாவலப்பிட்டி வரையில்தான் வந்திருந்தது. ஹட்டனை அது அடைந்தது 1884-இல், நானுஓயாவை 1885-இல். கோப்பி அழிந்து, அதே சரிவுகளில் தேயிலை எழுந்தது அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான். பருவத்துக்கு வந்து போன ஜனங்கள், வருஷம் முழுதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலையோடு நிரந்தரமாக இங்கேயே தங்கினார்கள்.

அம்மையாரின் கீர்த்தியை இருபதாம் நூற்றாண்டில் புதுப்பித்தவர், அவருடைய சகோதரியின் பேத்தியான நாவலாசிரியை வெர்ஜினியா வுல்ஃப். 1926-இல் அவரும் ரோஜர் ஃப்ரையும் முன்னுரை எழுத, கமரன் படங்களின் தொகுப்பொன்றை வுல்ஃப் தம்பதிகளின் சொந்த அச்சகமே வெளியிட்டது. வெர்ஜினியாவின் கணவர் லியோனார்ட் வுல்ஃப் 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் உத்தியோகம் பார்த்தவர் என்பது நம் வாசகர் அறிந்ததே. மகா புருஷர்களும் அழகிய மாதரும் நிறைந்த அத்தொகுப்பின் தலைப்பிலே கூட இலங்கைக் குடியானவருக்கு இடமில்லை.

மலைநாட்டு ஜனங்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதத் தொடங்கியது ஏறக்குறைய அக்காலத்திலேதான். தஞ்சாவூரிலிருந்து வந்து குடியேறிய கோ. நடேசய்யர் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் வெளியிட்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளருக்காகப் பாட்டெழுதிப் பாடினார். பூண்டுலோயாவின் மடக்கும்புரத் தோட்டத்திலே 1914-இல் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, லயத்து வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் இலக்கியமாக்கினார். அவர்களுடைய எழுத்திலே பெயர்கள் உண்டு.

அம்மையாரின் இலங்கைப் படங்கள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் நூதனசாலையிலும் அமெரிக்காவின் கெட்டி நூதனசாலையிலும் பிற இடங்களிலும் பாதுகாக்கப்படுகின்றன. அவர் எடுத்த படங்கள் யாவும் 2003-ஆம் ஆண்டிலே ஒரே பெருநூலாக அச்சிடப்பட்டுள்ளன. அந்நூலின் இலங்கைப் பகுதியிலுள்ள சில பக்கங்களைப் பெரிதாக்கி, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பள்ளிப் பிள்ளைகள் காணும்படி ஒரு மண்டபத்தில் மாட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தோட்டக் கமிட்டிகளும் வாசகசாலைகளும் மனம் வைத்தால் செய்துவிடலாம். படங்களின் அடியில் பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைக்க வேண்டியிருக்கும்.